பற்றும் பார்வையும்

பற்று அறிவை மறைக்கும் என்றும், பற்றற்று நிற்பவனுக்கே பொருள்களின் உண்மை ஸ்வரூபம் புலனாகும் என்றும் நம் பெரியோர் காலங்காலமாக உபதேசித்து வந்திருக்கிறார்கள். ஆன்ம விசாரத்தில் அது முற்றிலும் மெய்யாகவே இருக்கலாம். அதை மறுத்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால் லௌகிக விஷயங்களில், அதிலும் விளையாட்டு, பொழுதுபோக்கு என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் விஷயங்களில், பற்று உண்டான பிறகுதான் கண்ணே திறக்கிறது என்று நினைக்கும்படியான ஓர் அனுபவம் 2022-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எனக்கு வாய்த்தது. அந்த அனுபவத்தின் பெயர் ஃபேண்டஸி ஃபுட்பால்.

அமெரிக்காவில் வாழப் புகுந்தவன் அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தின் கண்ணில் படாமல் இருக்க முடியாது. செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பகல் தொடங்கி இரவு வரையில் உணவு விடுதியிலும், விமான நிலையத்திலும், முடிதிருத்தும் கடையிலும், நண்பர் வீட்டுக் கூடத்திலும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். நானும் பல வருஷங்கள் அதைப் பார்த்தவன்தான். தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்த இருபத்திரண்டு பேர், சில விநாடி நேரம் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்து, எழுந்து, கூடி நின்று ரகசியமாக ஆலோசித்து, மறுபடியும் மோதுவார்கள்; ஒரு மணி நேர ஆட்டம் என்று பெயரே தவிர, நின்று நின்று நடந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். பத்து கஜ தூரம் முன்னேற நான்கு வாய்ப்புகள் என்ற மூல விதி எனக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊர் அணியிடமும் எனக்கு அபிமானம் இல்லை, ஆகவே பக்ஷபாதமும் இல்லை. பற்றற்ற பார்வை என்று ஒன்று உண்டானால் அதைவிடப் பற்றற்ற பார்வையை எங்கும் காண முடியாது. அந்தப் பார்வைக்குப் புலப்பட்டதெல்லாம் ஒரு பெருங்குழப்பம் மட்டுமே.

என்னோடு பணிபுரியும் நண்பர்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவாக ஃபேண்டஸி ஃபுட்பால் என்ற இந்த மானசீக ஆட்டத்தை வருஷந்தோறும் ஆடி வந்தார்கள். அவ்வருஷம் ஒருவர் ஊர் மாற்றிப் போய்விட, காலியான இடத்துக்கு என்னை அழைத்தார்கள். பணம் வைத்து ஆடும் வகை ஒன்று உண்டு. அது வேறு வியாதி, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. எங்கள் ஆட்டத்தில் பந்தயம் சினேகம் ஒன்றுதான்.

ஆட்டத்தின் முறை இது. ஆகஸ்டு மாதக் கடைசியில், சீசன் தொடங்குவதற்கு முன், எல்லோரும் ஒரு வீட்டில் கூடி, நிஜமான அணிகளில் ஆடும் வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஒருவர் எடுத்த வீரர் அக்குழுவில் மற்றவருக்குக் கிடையாது. முதல் சுற்றில் முதலாவதாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் கடைசியாக எடுப்பார். இவ்வாறு வரிசை முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பி வருவதால் அதிருஷ்டம் ஒருவர் பக்கமே சாய்ந்துவிடுவதில்லை. பிறகு நிஜ மைதானத்தில் அவ்வீரர்கள் செய்வதெல்லாம் நம் கணக்கில் ஏறும்: பந்தை ஏந்தி ஓடிய பத்து கஜத்துக்கு ஒரு புள்ளி, எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்க்கும் டச் டவுனுக்கு ஆறு புள்ளி, எறிந்த பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி, பந்தை எதிரியிடம் பறிகொடுத்தால் புள்ளி குறையும். வாரத்துக்கு ஒரு நண்பர் நமக்கு எதிரி. எவர் வீரர்கள் சேர்த்த புள்ளி அதிகமோ அவருக்கு அவ்வாரம் வெற்றி.

அவ்வருஷம் அநேகமாக எல்லாக் குழுக்களிலும் முதலாவதாகப் பெயர் சொல்லப்பட்டவர் இண்டியானாபொலிஸ் அணியின் ஜானதன் டெய்லர். முந்தின வருஷம் 1,811 கஜம் ஓடியவர். நிபுணர்கள் ஏகமனதாகப் போற்றிய அந்த மனிதர் கணுக்கால் காயத்தால் முடங்கி, அவ்வருஷம் 861 கஜத்தோடு நின்றுபோனார். மாறாக, லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியின் ஜாஷ் ஜேக்கப்ஸ் என்பவரைச் சில சுற்றுகள் கழிந்தும் யாரும் சீந்தவில்லை. அவருடைய ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கக் கிடைத்த உரிமையை அவருடைய அணியே வேண்டாமென்று விட்டிருந்தது. நட்சத்திரங்கள் சாதாரணமாக ஓய்வெடுக்கும் ஆகஸ்டு மாதத்து ஒத்திகை ஆட்டத்தில் அவரை இறக்கி ஓடவிட்டதைப் பார்த்து, அவரை விற்றுவிடப் போகிறார்கள் என்றும் பலர் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்தின் நுட்பம் எதுவும் அறியாத நான் அவரைக் குறித்து ஒன்று மட்டும் படித்திருந்தேன்: ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், சிறு பிராயத்தில், வீடில்லாமல், தந்தையோடும் உடன்பிறந்தாரோடும் காரிலேயே இரவுகளைக் கழித்தவர் அவர். என் முறை வந்தபோது அந்தப் பெயரைச் சொன்னேன். அருகிலிருந்த நண்பர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பின்னால்தான் அறிந்துகொண்டேன், அந்த ரெய்டர்ஸ் அணிக்கும் இந்த மானசீக ஆட்டத்துக்கும் ஒரு ஜன்ம சம்பந்தம் உண்டென்று. 1962-இல் ரெய்டர்ஸ் ஓக்லண்டு நகரத்து அணி. அவ்வருஷம் ஆடிய 14 ஆட்டங்களில் 13-இல் தோற்ற பரிதாபமான அணி. கிழக்குக் கரைக்கு ஆடப் போயிருந்தபோது, நியூயார்க்கின் ஒரு ஹோட்டலில், அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவரும், அணியின் விளம்பரப் பொறுப்பாளரும், ‘ஓக்லண்டு டிரிப்யூன்’ நிருபர் ஒருவரும் ஓர் இரவு உட்கார்ந்து இந்த ஆட்டத்தின் விதிகளை வகுத்தார்கள். மறு வருஷம், 1963-இல், விங்கன்பாக்கின் வீட்டு நிலவறையில் எட்டு அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. முதலாவதாக ஒலித்த பெயர் ஜார்ஜ் பிளாண்டா. அவ்வருஷம் 1,863 கஜம் ஓடிச் சாதனை படைக்கவிருந்த ஜிம் பிரௌன் அதற்குப் பிறகுதான். 1969-இல் அந்தக் குழுவினரில் ஒருவர் ஓக்லண்டில் தாம் நடத்திய மதுக்கடையில் பொதுமக்களுக்கும் இதை அறிமுகம் செய்ய, அங்கிருந்து பரவிற்று. இந்தப் பூர்வோத்தரத்தில் என் மனத்தைத் தொடுவது, சொந்த அணியின் தோல்வியைத் தாங்க மாட்டாத மனிதர்கள் இதைப் படைத்தார்கள் என்பதே. தம்முடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஆட்டத்தின் மீதுள்ள அன்பைக் கைவிட மனமில்லாமல், அந்த அன்புக்கு வேறோர் இருப்பிடம் தேடினார்கள்; எல்லா அணிகளிலும் சிறிது சிறிதாக அதைப் பங்கிட்டு வைத்தார்கள். வேடிக்கை பார்க்கிறவன் கண்டுபிடித்த உபாயம் இல்லை இது, நேசிக்கிறவன் கண்டுபிடித்தது.

செப்டம்பர் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் அதுவரையில் பார்த்ததெல்லாம் பார்வையே அன்று என்பது தெளிந்தது. ஜேக்கப்ஸ் பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் என் உடம்பு முன்னே சாய்ந்தது. அவர் எந்தப் பக்கம் போவார், ஏன் அந்தப் பக்கம், முதல் அடி வைத்த பிறகு ஏன் ஒரு கணம் தயங்கினார் என்று மனம் கேட்கத் தொடங்கியது. தயக்கமன்று, வழி திறப்பதற்காகக் காத்திருத்தல் என்பது சில வாரங்களில் புரிந்தது. மூன்றாம் வாய்ப்பில் எட்டு கஜம் வேண்டியிருக்கையில் ஓட்டக்காரரை ஏன் வெளியே அனுப்புகிறார்கள், காற்று பலமாக வீசும் நாளில் எறிபந்து ஏன் குறைகிறது, தோற்கும் அணி கடைசிக் கால்பகுதியில் ஏன் ஓட்டத்தையே மறந்துவிடுகிறது என்பதெல்லாம் ஒருவரும் போதிக்காமலே விளங்கின. மழை பெய்யும் ஒரு பிற்பகலில், பட்டியலின் அடியில் கிடக்கும் இரண்டு அணிகள், அவ்விரண்டு ஊர்களுக்கு வெளியே எவரும் லட்சியம் செய்யாத ஓர் ஆட்டத்தை ஆடுகையில், என்னுடைய வீரர் ஒருவர் அதில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிரபலமான ஆட்டங்களில் காணக் கிடைக்காத சிரத்தையையும் மானத்தையும் அங்கே கண்டேன். ‘என்னுடையவர்’ என்ற அந்த மமகாரம் எவ்வளவு ஆதாரமற்றது! அம்மனிதருக்கு நான் இருப்பதே தெரியாது. அவர்மேல் எனக்கு எவ்வித உரிமையும் கிடையாது. இருந்தும் அந்தப் பொய்யான உரிமை, மெய்யான கவனத்தை உண்டாக்கிற்று. பல வருஷங்களின் நிர்மலமான உதாசீனம் சாதிக்காததை ஒரு மாதத்து மமகாரம் சாதித்தது.

சினேகமும் அவ்வாறே வளர்ந்தது. வேலை நிமித்தம் தினமும் பேசிக்கொள்ளும் மனிதர்களை நாம் அறிந்திருப்பதாக எண்ணுகிறோம். ஆனால் பிறந்த ஊர் அணி எத்தனை முறை ஏமாற்றினாலும் அதன் வீரரை விடமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருப்பவர் ஒருவர், யாரையும் இரண்டு வாரத்துக்கு மேல் நம்பாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர் ஒருவர், தாம் வென்ற வாரத்தில் தோற்றவருக்கு முதலில் போன் செய்து பேசுபவர் ஒருவர் என்று அவர்களுடைய அந்தரங்க சுபாவங்கள் எனக்கு வெளிப்பட்டது இந்த ஆட்டத்தில்தான்.

நவம்பர் 27-ஆம் தேதி சியாட்டிலில் நடந்த ஆட்டத்தை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஜேக்கப்ஸுக்கு அவ்வாரம் கெண்டைக்காலில் வலி. ஆடுவாரா என்பதே சந்தேகம். ஆடினார். நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம் என்று ஓடியும் முடிவு தெரியாமல் 34-க்கு 34 என்று சமமாகி, ஆட்டம் உபரி நேரத்துக்குப் போயிற்று. அந்த உபரி நேரத்தில், வலியெடுத்த காலோடு அன்று முப்பது முறைக்கு மேல் இடிபட்டு எழுந்த அந்த மனிதர், பந்தை வாங்கிக்கொண்டு நடுவே ஓர் இடைவெளியில் நுழைந்து, 86 கஜம் ஒருவர் கையும் படாமல் ஓடி ஆட்டத்தை முடித்தார். அன்று அவர் ஓடியது 229 கஜம். பிடித்த பந்துகளையும் சேர்த்தால் 303 கஜம். அவ்வருஷம் முழுவதிலும் 1,653 கஜம் ஓடி, எல்லா அணிகளிலும் முதல் ஸ்தானம் பெற்றார், அணியே வேண்டாமென்று விட்டவர். நான் வீட்டில் தனியாக எழுந்து நின்று கைதட்டினேன். காரில் உறங்கிய சிறுவனுக்காகத் தட்டினேனா, என் பட்டியலில் ஏறிய 48 புள்ளிக்காகத் தட்டினேனா என்று பிரித்துச் சொல்ல இயலாது; பற்று அப்படிப் பிரித்துக்கொண்டு வருவதில்லை.

இத்தகைய பற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஒவ்வோர் அணியும் வாரந்தோறும் தன் வீரர்களின் காயப் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது விதி. எந்த முழங்கால், எந்தத் தோள், பயிற்சிக்கு வந்தாரா, சந்தேகமா, நிச்சயமாக இல்லையா என்று அதில் குறிப்பிருக்கும். இந்த ஆட்டத்தை ஆடுகிற லட்சோபலட்சம் பேர் அதைப் பஞ்சாங்கம் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் பிரீஸ் ஹால் என்ற இளைஞர், முதல் வருஷத்திலேயே எல்லோரையும் வியக்க வைத்தவர், முழங்கால் தசைநார் அறுந்து அவ்வருஷத்துக்கு ஆட்டம் இழந்தார். அச்செய்தி பரவிய மறுகணமே அவருடைய ஸ்தானத்தை யாரைக் கொண்டு நிரப்புவது என்ற ஆலோசனை நாடெங்கும் தொடங்கிவிட்டது. இருபத்தொரு வயது இளைஞனின் வலி, எண்ணாக மாறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். இதை விளையாட்டுத்தானே என்று சொல்லிக் கடந்துவிட எனக்குச் சம்மதமில்லை. பார்வையைத் தந்த அதே மமகாரம், பார்க்கப்படும் மனிதனைப் பயன்படு பொருளாக்கவும் வல்லது என்பதை அந்த வாரம் காட்டிற்று.

குழுவில் மூத்தவரான நண்பர் ஒருவர் உண்டு. ஒஹையோ மாநிலத்தில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில் தாமே இந்த ஆட்டம் ஆடியவர். சியாட்டில் ஆட்டத்தின் அந்த 86 கஜ ஓட்டத்தை நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் உடனிருந்தார். “ஓடுகிறவரைப் பார்த்தது போதும். பந்து கிளம்பும்போது முன்வரிசையைப் பாருங்கள்” என்றார். பந்தை எறிபவரான குவார்ட்டர் பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். பெரும்பாலும் முந்நூறு பவுண்டு எடைக்குக் குறையாதவர்கள். எதிரிகளைத் தடுத்து நிறுத்துவதும் தள்ளி வழி உண்டாக்குவதுமே அவர்கள் தொழில். சாதாரணமாகப் பந்தைத் தொடும் உரிமைகூட அவர்களில் நடுவில் நிற்பவர் ஒருவருக்கே, அதுவும் பின்னால் கொடுத்துவிடுவதற்காக மட்டும். என் நண்பர் அந்த ஐவரில் ஒருவராக நின்றவர். அக்காலத்தில் பழுதான தோள் இன்றும் குளிர்காலத்தில் அவரை விடுவதில்லை. நான் பார்த்தேன். ஜேக்கப்ஸ் நுழைந்த அந்த இடைவெளி தானாகத் தோன்றியதன்று. அது மனித உடல்களால், முழுப் பலத்தோடு, ஒரே கணத்தில் உண்டாக்கப்பட்டது.

எங்கள் ஆட்டத்தில் அந்த ஐவருக்குப் புள்ளியே கிடையாது. 1963-இலும் இல்லை, இன்றும் இல்லை. கணக்கில் ஏறும் ஒவ்வொரு கஜமும் அவர்கள் தோள்மேல் ஏறித்தான் வந்திருக்கிறது. கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. தற்காப்புப் பக்கத்திலும் ஏறக்குறைய இதே கதி: பதினொரு பேரும் தனித்தனிப் பெயரிழந்து, ‘இன்ன ஊர்த் தற்காப்பு’ என்ற ஒரே வரியாகிவிடுகிறார்கள். பற்று கண்ணைத் திறக்கிறது என்று சொன்னேன். எந்த அளவுக்குத் திறக்கிறது என்பதும் இதில் தெரிகிறது. எண்ணப்படுகிறவர்கள் வரைதான்.

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. அநேகமாக எல்லாக் குழுக்களுக்கும் அது இறுதிப் போட்டியின் வாரம். அதிலும் கடைசி ஆட்டம். சின்சினாட்டியில் பஃபலோ அணியும் சின்சினாட்டி அணியும் மோதின. ஜாஷ் ஆலன், ஸ்டெஃபான் டிக்ஸ், ஜோ பரோ, ஜமார் சேஸ் என்று அதிகப் புள்ளி ஈட்டும் பெயர்கள் அந்த ஒரே மைதானத்தில் கூடியிருந்தபடியால், எத்தனையோ குழுக்களின் வெற்றி தோல்வி அன்றிரவை நம்பி நின்றது. எங்கள் குழுவின் இறுதியில் மோதிய இருவரில் ஒருவரிடம் பரோ, மற்றவரிடம் டிக்ஸ். நான் முன்பே வெளியேறியிருந்தும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கால்பகுதி முடியவில்லை. பந்தைப் பிடித்து ஓடிவந்த சின்சினாட்டி வீரரை பஃபலோவின் டமார் ஹாம்லின் என்ற இருபத்துநான்கு வயது வீரர் எதிர்கொண்டு வீழ்த்தினார். வீழ்த்தி, எழுந்து நின்று, மறுகணம் மல்லாந்து விழுந்தார். மார்பில் பட்ட அடி, இருதயத் துடிப்பின் ஒரு நுண்ணிய இடைக்கணத்தில் பட்டு, இருதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மருத்துவர்கள் அவர் மார்பை அழுத்தி உயிரூட்ட முயல, சக வீரர்கள் அவரைச் சுற்றி வளையமாக முழங்காலிட்டு, பெரிய பெரிய ஆகிருதி படைத்த அம்மனிதர்கள் வெளிப்படையாக அழுதார்கள். ஆட்டம் நின்றது, பிறகு அடியோடு ரத்தாயிற்று. முறையான சீசன் ஆட்டமொன்றுக்கு இத்தகைய முடிவு நேர்வது மிகமிக அபூர்வம்.

எங்கள் குழுவின் செய்திப் பரிமாற்றம் அன்றிரவு எப்படியிருந்தது என்பதை நான் மறக்க மாட்டேன். சில நிமிஷங்களுக்கு முன்புவரை புள்ளிகளை அரைப்புள்ளி வரையில் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள், “மூச்சு இருக்கிறதா?” என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. ஹாம்லின் எங்களில் ஒருவருடைய பட்டியலிலும் இல்லாதவர். ‘பஃபலோ தற்காப்பு’ என்ற வரிக்குள் கரைந்துபோன பதினொருவரில் ஒருவர். எண்ணப்படாத ஒரு மனிதருக்காக எண்ணுவதையே எல்லோரும் நிறுத்தினார்கள். அதிகாலை வரையில் அந்த ஒஹையோ நண்பர் ஆஸ்பத்திரிச் செய்தியை மணிக்கொரு தடவை எங்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார். ஹாம்லின் ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தருவதற்காக முன்பே தொடங்கி வைத்திருந்த 2,500 டாலர் நிதிக்கு, முகமறியாத மனிதர்கள் அனுப்பிய தொகை சில நாட்களில் 80 லட்சம் டாலரைத் தாண்டிற்று. நினைவு திரும்பியதும், பேச முடியாத நிலையில், அவர் எழுதிக் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, ‘நாம் ஜெயித்தோமா?’ என்பது. அவர் பிழைத்து, அடுத்த சீசனில் மறுபடியும் களமிறங்கினார்.

பற்றின் உதவியின்றி நான் அன்றிரவு அந்தத் திரையின் முன்னால் இருந்திருக்கவே மாட்டேன். அவர் நின்ற ஸ்தானம் எது, அவர் செய்த காரியம் எவ்வளவு துணிவானது என்பது விளங்கியிருக்காது. பல காலம் பார்த்த பழைய பார்வைக்கு அது, விழுந்து எழுகிற மனிதர்களில் ஒருவர் எழவில்லை என்ற செய்தியாகத்தான் பட்டிருக்கும். ஆகவே பற்றைத் தூஷிக்க என்னால் முடியவில்லை. இறுதியில் மோதிய இரு நண்பர்களும் வெற்றியைச் சரிபாதியாக வைத்துக்கொண்டார்கள். அதைத் தீர்மானிக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் டிராஃப்ட் கூடியபோது நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தற்காப்பை ஓர் அங்கமாகக் கணக்கிடுவது போல் அந்த ஐவர் வரிசையையும் ஓர் அங்கமாக எடுத்துக்கொண்டு, அணி ஓடிச் சேர்த்த கஜங்களுக்குப் புள்ளி தந்து, குவார்ட்டர் பேக் வீழ்த்தப்பட்ட ஒவ்வொரு தடவையும் புள்ளி குறைக்கலாம் என்பது என் யோசனை. அதை முதலில் எதிர்த்தவர் அந்த ஒஹையோ நண்பர்தான். “வேண்டாம். எங்களையும் எண்ணத் தொடங்கினால் எங்கள் முழங்காலையும் வாரந்தோறும் விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்” என்றார். “விசாரிக்கட்டுமே, இதுவரையில் யாரும் விசாரிக்காததால் உங்கள் தோளுக்கு என்ன நன்மை வந்தது?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, தம் அபிப்பிராயம் மாறவில்லை என்றார். வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. அடுத்த கூட்டத்திலும் அதைக் கொண்டுவர உத்தேசித்திருக்கிறேன்; அவரும் எதிர்க்க உத்தேசித்திருப்பதாகத் தெரிவித்துவிட்டார்.